கொலம்பியா திரும்பி வந்த காலை: விடியறதுக்கு முன்னாடி கேமராவோட நின்னவங்களும் அதுக்கப்புறம் வந்த செய்திகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பத்தி இது

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. விண்வெளிக்குப் போயிட்டு பூமிக்குத் திரும்பி இறங்குறப்ப நாசாவோட கொலம்பியா ஷட்டில் (விண்வெளி ஓடம்) உடைஞ்சு, அதுல இருந்த 7 பேர் இறந்தாங்க. நம்ம ஊர்ல கொலம்பியான்னாலே கல்பனா சாவ்லா ஞாபகம்தான் வரும், அதுல தப்பே இல்ல, ஹரியானால கர்னால்ல அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எல்லாம் அன்னைக்கு சாயங்காலம் லேண்டிங்கைக் கொண்டாட கூடியிருந்தாங்க, நம்ம நேரப்படி ராத்திரி 7:46-க்கு இறங்கியிருக்கணும். நான் இங்க எழுதப்போறது அதே நேரத்துல அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருட்டுல வீட்டு வாசல்லயும் மொட்டை மாடியிலயும் கேமரா வெச்சுட்டு நின்ன சாதாரண விண்வெளி ஆர்வலர்களைப் பத்தி. அவங்க என்ன பார்த்தாங்க, எடுத்ததை வெச்சு என்ன பண்ணாங்க, டிவியும் பேப்பரும் அதுல எதைத் தூக்கிப் பிடிச்சுச்சு, விசாரணைக்கு உண்மையிலயே எது உதவுச்சு. அவங்க யார் பேரும் இதுல இல்ல. அதுல முக்கியமான ஒருத்தர் அன்னைக்கே என் பேரைப் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டவர்.

பின்னணி

கொலம்பியாவோட அந்தப் பயணத்துக்கு நாசா வெச்ச பேர் எஸ்டிஎஸ்-107, இது ஸ்பேஸ் ஸ்டேஷனுக்குப் போன பயணம் இல்ல, 16 நாள் மேலயே சுத்தி ஆராய்ச்சி பண்ற பயணம். ஜனவரி 16 கிளம்புச்சு. கிளம்புற அன்னைக்கு செய்தி நிறைய வந்துச்சு, ஏன்னா இஸ்ரேலோட முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன் இதுல இருந்தார், பாதுகாப்பு ஏற்பாடே பெரிய செய்தி. அப்புறம் அப்படியே அடங்கிடுச்சு. 100 தடவைக்கு மேல ஷட்டில் போய் வந்தாச்சு, லேண்டிங்கை யாரும் பெருசா எடுத்துக்கல.

கிளம்பி 82 செகண்ட் கூட ஆகல, ஷட்டிலோட ஒட்டியிருக்கிற பெரிய எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு ஃபோம் (வெப்பம் தடுக்கிற நுரைப் பூச்சு) துண்டு பிச்சுக்கிட்டு வந்து இடது இறக்கையோட முன் விளிம்புல அடிச்சுச்சு. அடுத்த நாள் ஃபிலிம் போட்டுப் பார்த்தப்பவே நாசா இன்ஜினியர்களுக்கு இது தெரியும். ஷட்டில் விண்வெளியில இருக்கும்போதே ராணுவ கேமரால இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம்னு இன்ஜினியர்கள் கேட்டாங்க, நாசா மேல்மட்ட நிர்வாகம் அதை நடக்க விடல. ஜனவரி 23-ல கமாண்டர் ரிக் ஹஸ்பண்டுக்கும் பைலட் வில்லியம் மெக்கூலுக்கும் ஒரு ஈமெயில் போச்சு, ஃபோம் அடிச்சிருக்கு, கவலைப்பட ஒண்ணுமில்லன்னு. அதை அவங்களுக்குச் சொன்னதுக்குக் காரணம் என்னன்னா பேட்டியில எந்த நிருபராவது கேட்டா திடீர்னு முழிக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறல. உயிர் போற சேதத்தை ஒரு பத்திரிகை கேள்வியா மட்டும் பார்த்திருக்காங்க.

ஆர்வலர்களுக்கு இது எதுவும் முழுசா தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது இதுதான்: இந்தப் பயணம் பூமத்திய ரேகைக்கு 39 டிகிரி சாய்வுல சுத்துது, அதனால ஃப்ளோரிடாவுக்கு இறங்கும்போது கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சஸ்னு வரிசையா தலைக்கு மேல போகும். மேற்குப் பக்கம் அப்போ விடியல, அதோட அன்னைக்கு அமாவாசை, நிலா வெளிச்சமே இல்ல. ஷட்டில் காத்துல உரசி ஒளிர்ந்துக்கிட்டே போறதைப் பார்க்க இதைவிட நல்ல வானம் கிடைக்காது. அதான் தூக்கத்தை விட்டு எழுந்து போனாங்க.

அவங்க பார்த்தது

இந்தியப் பெருங்கடலுக்கு மேல இன்ஜினை எரிச்சு வேகத்தைக் குறைச்சதும் ஷட்டில் கீழ இறங்க ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் திரும்பிப் போக வழியே கிடையாது. இதை முன்னாடியே சொல்லிடுறேன், ஏன்னா "கலிஃபோர்னியால பார்த்தவங்க உடனே போன் பண்ணியிருந்தா காப்பாத்தியிருக்கலாமே"ன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. முடியாது. அந்த நேரத்துல யார் சொல்லியும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

கலிஃபோர்னியா நேரம் காலை 5:53:26-க்கு கொலம்பியா கரையைத் தாண்டுச்சு. சுமார் 70 கிலோமீட்டர் உயரம், ஒலியை விட 23 மடங்கு வேகம். அந்த மாநிலத்தையே 1 நிமிஷத்துல கடந்துடுச்சு. கீழ நின்னவங்களுக்கு ஒரு பிரகாசமான புள்ளி, பின்னாடி நீளமா ஒளிரும் கோடு. கரையைத் தாண்டி 20 செகண்ட்ல அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இன்னொரு சின்ன வெளிச்சம் பிரிஞ்சு, பின்தங்கி, மங்கிப் போச்சு. அப்புறம் இன்னொண்ணு. 5:54:33 வாக்குல நெவாடா பக்கம் ஷட்டிலைச் சுத்தி இருந்த வெளிச்சம் சட்டுனு கூடுச்சு, அதை ஒட்டியே ஒரு பெரிய துண்டு பிரிஞ்சுச்சு.

இதை வீடியோ எடுத்தவங்கள்ல நிறைய பேருக்கு இது சாதாரணமா இல்லையான்னு தெரியல. முன்ன பின்ன ரீஎன்ட்ரி, அதாவது விண்வெளியில இருந்து பூமியோட காத்துக்குள்ள திரும்ப நுழையறதை, பார்த்திருந்தாத்தானே தெரியும். கிழக்கு கலிஃபோர்னியால ஒரு வானியலாளர் மட்டும், துண்டு துண்டா ஏதோ பிரிஞ்சு விழுந்த மாதிரி இருந்துச்சுன்னு அன்னைக்கே நிருபர்கள்கிட்ட சொன்னார். மத்தவங்க அழகா இருந்துச்சுன்னு சந்தோஷமா உள்ள போயிட்டாங்க, சில நிமிஷத்துல டிவியைப் போட்டப்பதான் விஷயமே தெரிஞ்சுது.

இன்னொரு பக்கம் ஹியூஸ்டன் கண்ட்ரோல் ரூம்ல என்ன நிலைமைன்னா, 5:54:24-க்குத்தான் (இதுவும் கலிஃபோர்னியா நேரம்) இடது பக்கம் ஹைட்ராலிக் லைன்ல 4 டெம்பரேச்சர் சென்சார் அளவு காட்டலன்னு ஒரு அதிகாரி ஃப்ளைட் டைரக்டர்கிட்ட சொல்றார். அதாவது கண்ட்ரோல் ரூம்ல முதல் தடவையா வாய்விட்டு ஒரு கோளாறு சொல்லப்பட்டதுக்கு 38 செகண்ட் முன்னாடியே, யாரோ ஒருத்தரோட வீட்டு கேமரா டேப்ல முதல் துண்டு விழுந்தது பதிவாகிடுச்சு. கண்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களுக்கு வெளிய பார்க்கிற ஜன்னலே இல்ல, அந்த வழி நெடுக நாசா தன் பங்குக்கு கேமரா வெக்கவும் இல்ல. 6 மணி அடிச்சு சில செகண்ட்ல டெக்சஸ் மேல ஷட்டில் உடைஞ்சுது. அங்க அப்போ காலை 8 மணி, விடிஞ்சுடுச்சு, நிறைய பேர் பார்த்தாங்க, எடுத்தாங்க.

முதல் சில நாள் செய்திகள்

உலகம் முழுக்க டிவில திரும்பத் திரும்ப ஓடுனது டெக்சஸ் காட்சிதான். நீல வானத்துல ஒரு வெள்ளைக் கோடு பல கோடா பிரியுது. நாமளும் இங்க அதைத்தான் பார்த்தோம். அது மனசை உலுக்குற காட்சி, சந்தேகமே இல்ல. ஆனா விசாரணைக்கு அது சொன்னது கம்மி, ஏன்னா அது முடிவு. காரணத்துக்குப் பக்கத்துல இருக்கிறது கலிஃபோர்னியால எடுத்த, கை நடுங்குற, இருட்டு வீடியோக்கள். அதுல ஒரு புள்ளி, அதுக்குப் பின்னாடி ஒரு குட்டிப் புள்ளி, அவ்வளவுதான். டிவிக்கு எது பெருசோ அது விசாரணைக்குச் சிறுசு, டிவிக்கு எது ஒண்ணுமில்லயோ அதுதான் விசாரணை பண்றவங்களுக்குத் தங்கம். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை ஆய்வா எழுதணும்னு தோணுச்சு.

அதே நாட்கள்ல பொய்யும் ஓடுச்சு. ஷட்டில் வெடிக்கிறதை சேட்டிலைட் எடுத்ததுன்னு சொல்லி ஈமெயில்ல சுத்துன படங்கள் ஒரு சினிமால இருந்து எடுத்த காட்சிகள். ரமோன் மேல இருந்து இஸ்ரேல் பிரதமரோட பேசுன வீடியோல இறக்கையில விரிசல் தெரியுதுன்னு ஒரு படம் வந்துச்சு, அதுல தெரிஞ்சது இறக்கையே இல்ல.

அந்த ஊதா நிறக் கோடு

சான் பிரான்சிஸ்கோல ஒரு அமெச்சூர் வானியலாளர். டிரைபாட்ல டிஜிட்டல் கேமராவை வெச்சு, சில செகண்ட் நீள எக்ஸ்போஷர்ல (அதாவது ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வெச்சு) கொலம்பியா போறதை வரிசையா படம் எடுத்தார். ஒரு படத்துல ஷட்டிலோட ஒளிக்கோட்டுல போய் சேர்ற மாதிரி ஊதா நிறத்துல நெளிநெளியா இன்னொரு கோடு. பார்த்தா மின்னல் இறங்கி ஷட்டிலை அடிச்ச மாதிரியே இருக்கும்.

அவர் என்ன முடிவெடுத்தார்னு பாருங்க. படத்தை நாசாவுக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்ணார். ஒரு பேப்பர் நிருபருக்குக் காட்டினார், ஆனா பேர் வேண்டாம்னு சொன்னார், படத்தையும் உடனே ஊருக்கெல்லாம் விடல. ஒரு முன்னாள் விண்வெளி வீராங்கனை அவர் வீட்டுக்கே வந்து பார்த்து, கேமராவையும் வாங்கிட்டுப் போனாங்க. என் கணக்குல அந்த மனுஷன் பண்ணது கிட்டத்தட்ட எல்லாமே சரி. அந்தப் படத்தை அன்னைக்கு வித்திருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் படத்தை மட்டும் இல்லாம கேமராவையும் கொடுத்ததாலதான் பின்னாடி இதுக்குத் தெளிவா பதில் சொல்ல முடிஞ்சுது.

ஆனா செய்தி வெளிய வந்ததும் அது ஓடுன ஓட்டம் வேற. படத்தையே பார்க்காதவங்க "மர்ம மின்னல்"னு பேச ஆரம்பிச்சாங்க. இதுல வலிக்கிற ஒரு ஒத்துமையும் இருந்துச்சு: மேகத்துக்கு மேல, ரொம்ப உயரத்துல ஸ்ப்ரைட்னு ஒரு வகை மின்னல் வெளிச்சம் வரும், அந்த மாதிரி வெளிச்சங்களைப் படம் எடுக்கிறது இதே பயணத்துல இருந்த இஸ்ரேல் ஆராய்ச்சியோட ஒரு பகுதி, ரமோனும் மத்தவங்களும் அதைப் பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க. அதனால இது ஸ்ப்ரைட்டா இருக்குமோன்னு கேட்டவங்களை முட்டாள்னு சொல்ல மாட்டேன், கேக்க வேண்டிய கேள்விதான். விசாரணைக் குழுவும் மின்னல், விண்வெளி வானிலை (சூரியன்ல இருந்து வர்ற துகள்களோட பாதிப்பு) ரெண்டையும் ஒதுக்காம எடுத்துப் பார்த்துச்சு.

கிடைச்ச பதில்: கேமரா ஆட்டம். நீள எக்ஸ்போஷர்ல ஷட்டர் பட்டனை விரலால அமுக்குனா டிரைபாட் லேசா அதிரும். எக்ஸ்போஷரோட ஆரம்பத்துல அந்த அதிர்வு இருக்கும், அந்த நேரத்துல பிரகாசமான புள்ளி படத்துல நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு கோடு போடும், அதிர்வு அடங்குனதும் அதே புள்ளி நேர்கோடா போக ஆரம்பிக்கும். நெளிகோடு முடியற இடமும் நேர்கோடு ஆரம்பிக்கிற இடமும் ஒண்ணா இருக்கிறதால வெளிய இருந்து ஒண்ணு வந்து ஷட்டில்ல அடிச்ச மாதிரி தெரியுது. ராத்திரி வானத்தைப் படம் எடுக்கிறவங்க யாரைக் கேட்டாலும் இந்த சந்தேகத்தை முதல் நாளே சொல்லியிருப்பாங்க. "எத்தனை செகண்ட் எக்ஸ்போஷர், பட்டனை எப்படி அமுக்குனீங்க"ங்கிற ரெண்டு கேள்வியும் செய்தியோட முதல் பத்தியில இருந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

3.5 இன்ச் டெலஸ்கோப்

நியூ மெக்சிகோல கர்ட்லாண்ட் விமானப்படைத் தளத்துல ஸ்டார்ஃபயர்னு ஒரு ஆய்வு மையம் இருக்கு, அங்க 3.5 மீட்டர் டெலஸ்கோப் உண்டு. அங்க வேலை பாக்குற சில பேர் சொந்த ஆர்வத்துல கொலம்பியா போறப்ப ஒரு படம் எடுத்தாங்க. விமானப்படையோட சக்திவாய்ந்த கேமரால எடுத்த துல்லியமான படத்துல இடது இறக்கை சிதைஞ்சிருக்குன்னு முதல்ல செய்தி வந்துச்சு. ஒரு வாரம் கூட ஆகல, பிப்ரவரி 7-ல நாசா படத்தை வெளியிட்டப்ப தெரிஞ்சது, அது கடையில வாங்குற 3.5 இன்ச் டெலஸ்கோப், கூட ஒரு பழைய மேக்கின்டோஷ் கம்ப்யூட்டர். மங்கலான ஒரு நிழலுருவம். இடது இறக்கையோட முன் விளிம்பு ஏதோ ஒழுங்கா இல்லாத மாதிரியும், இடது பக்கம் பின்னாடி ஏதோ புகையுற மாதிரியும் தெரியும், அதுக்கு மேல அதுல இருந்து உறுதியா எடுக்க முடியாது. படம் எடுத்தவங்க எதையும் ஊதிப் பெருசாக்கல. கருவி என்னன்னு கேக்காம எழுதுனவங்க பண்ணது அது.

வீடியோக்கள் எப்படி சாட்சி ஆச்சு

நாசா அன்னைக்கே மக்கள்கிட்ட படம், வீடியோ எது இருந்தாலும் கொடுங்கன்னு கேட்டுச்சு. ஆயிரக்கணக்குல போன், ஈமெயில் வந்துச்சு. அதுல உபயோகமானதைப் பிரிச்சு எடுக்கிறதே பெரிய வேலை. ஒரு ஊர்ல நின்னவர் எடுத்த டேப் முடியற இடத்துல அடுத்த ஊர்க்காரர் டேப் ஆரம்பிக்கும், இப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்து, நடுநடுவுல இடைவெளி இருந்தாலும் கலிஃபோர்னியா கரையில இருந்து கிழக்க வரைக்கும் ஒரு தொடர் பதிவு மாதிரி கொண்டு வந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் அறிமுகமே இல்லாதவங்க, தனித்தனியா எடுத்தது.

இதுல பெரிய பிரச்சனை நேரம். வீட்டு வீடியோ கேமரால இருக்கிற கடிகாரத்தை யாரும் செகண்ட் சுத்தமா வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா படத்துல ஒரு நட்சத்திரமோ கிரகமோ தெரிஞ்சா, இல்ல பக்கத்து வீட்டுக் கூரையோ விளக்குக் கம்பமோ தெரிஞ்சா, எடுத்தவர் சரியா எங்க நின்னார்னு தெரிஞ்சா, ஷட்டில் எந்த திசையில எவ்வளவு உயரத்துல இருந்துச்சுன்னு கணக்கு போடலாம், அதை ஷட்டிலோட பாதையோட வெச்சுப் பார்த்தா நேரம் கிடைச்சுடும். அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்து, பிரிஞ்ச துண்டு எவ்வளவு வேகமா பின்தங்குதுன்னு அளந்தாங்க. லேசான துண்டு காத்துல சட்டுனு வேகம் இழக்கும், கனமானது கொஞ்ச தூரம் கூடவே வரும். அதை வெச்சு துண்டோட தன்மையையும் அது எங்க விழுந்திருக்கலாம்னும் தோராயமா சொல்ல முடிஞ்சுது. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் கொடுத்தாங்க. மேற்கு மாநிலங்கள் மேல பிரிஞ்சதுல ரொம்ப பிரகாசமா தெரிஞ்சது 6-வதும் 14-வதும்.

இந்த வேலைக்கு ஆர்வலர்கள் எடுத்த சின்னச் சின்ன முடிவுகள்தான் அடிப்படை. டிரைபாட் போட்டது, ஜூம் பண்ணி உள்ள வெளிய ஓடாம வெச்சது, மைக்கை அணைக்காம விட்டது, ஷட்டில் மறைஞ்சதும் கேமராவை நிறுத்தாம ஓட விட்டது, முக்கியமா ஒரிஜினல் டேப்பை அழிக்காம, மேல வேற எதையும் பதியாம வெச்சது. ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தா போதும்னு நினைச்சு ஒரிஜினலைத் தொலைச்சிருந்தா பாதி தகவல் போயிருக்கும்.

அதுக்கப்புறம்

வீடியோவும் ராடாரும் காட்டுன திசையில நெவாடாவுல கலியெண்டே ஊர்ப் பக்கம் தேடினாங்க, ஒண்ணும் கிடைக்கல. மேற்குக் கோடியில கிடைச்சது டெக்சஸ்ல லிட்டில்ஃபீல்ட் ஊர்கிட்ட ஒரு டைல், ஷட்டில் மேல வெப்பம் தாங்க ஒட்டியிருக்கிற ஓடு. கலிஃபோர்னியாவுல இருந்து நியூ மெக்சிகோ வரைக்கும் தரையில எந்தத் துண்டும் கிடைக்கல. அப்படின்னா அந்த நிமிஷங்களுக்கு கண்ணால பார்க்கக்கூடிய சாட்சின்னு இருக்கிறது இந்த ஆர்வலர்களோட படப்பதிவு மட்டும்தான்.

டெக்சஸ், லூசியானால 25,000 பேருக்கு மேல தேடி, 84,000 துண்டுக்கு மேல எடுத்தாங்க, அது மொத்த எடையில 38 சதவீதம்தான். அந்தத் தேடுதல்ல ஹெலிகாப்டர் விழுந்து 2 பேர் இறந்ததையும் சொல்லணும். மார்ச் 19-ல டெக்சஸ்ல ஹெம்ப்ஹில் பக்கத்துல கொலம்பியாவோட டேட்டா ரெக்கார்டர் முழுசா கிடைச்சுது. கரையைத் தாண்டுறதுக்கு 4 நிமிஷத்துக்கு மேல முன்னாடியே இடது இறக்கையோட முன் விளிம்புக்குள்ள கோளாறு ஆரம்பிச்சதை அது காட்டுச்சு. வீடியோ வெளிய இருந்து சொன்னதும் ரெக்கார்டர் உள்ள இருந்து சொன்னதும் ஒரே கதையா பொருந்துச்சு. ஜூலை 7-ல சான் அன்டோனியோல ஃபோம் துண்டை அதே மாதிரி அடிச்சுப் பார்த்தப்ப, முன் விளிம்பு பேனல்ல சுமார் 40 சென்டிமீட்டர் ஓட்டை விழுந்துச்சு. ஆகஸ்ட் 26-ல விசாரணைக் குழு அறிக்கை வந்துச்சு: ஃபோம் அடிச்ச இடம் வழியா ரீஎன்ட்ரி சூடு இறக்கைக்குள்ள புகுந்ததுதான் காரணம்.

என்ன மாறுச்சு, என்ன மாத்திக்கலாம்

குழு சொன்னதுல படப்பதிவு சம்பந்தமா ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கிளம்பும்போது குறைஞ்சது 3 உபயோகமான கோணத்துல இருந்து படம் வேணும். ரெண்டு, மேல சுத்தும்போது படம் எடுக்கிறதை யாராவது கெஞ்சிக் கேட்டு வாங்குறதா இல்லாம வழக்கமா பண்ணணும். 2005-ல அடுத்த ஷட்டில் போனப்ப ரெண்டும் நடந்துச்சு. ரீஎன்ட்ரியைப் பொறுத்தவரை, 2009-ல எஸ்டிஎஸ்-119ங்கிற ஷட்டில் பயணம் முடிஞ்சு இறங்குறப்ப நாசா ஒரு கடற்படை விமானத்தை அனுப்பி இன்ஃப்ராரெட் கேமரால ஷட்டிலோட அடிப்பக்க வெப்பத்தைப் படம் எடுத்துச்சு.

ராக்கெட், ரீஎன்ட்ரி, உடைஞ்ச சேட்டிலைட் விழுறதுன்னு இப்போ வானத்தைப் பார்த்து போனைத் தூக்குறவங்க நம்ம பக்கமும் நிறைய ஆயிட்டாங்க. நான் மாத்திக்கச் சொல்றது: நீள எக்ஸ்போஷர்னா 2 செகண்ட் டைமர் போடுங்க, விரலால அமுக்காதீங்க. வீடியோன்னா ஃப்ரேம்ல ஒரு கட்டிட முனையோ நட்சத்திரமோ இருக்கட்டும், வெறும் இருட்டு வானத்துல ஒரு புள்ளி மட்டும் இருந்தா அளக்க முடியாது. ஆரம்பத்துல நேரத்தையும் நிக்கிற இடத்தையும் வாய்விட்டு சொல்லிடுங்க. ஒரிஜினல் ஃபைலை அப்படியே வெச்சிருங்க, வாட்ஸப்ல அனுப்புனது சுருங்கிப்போன காப்பி, அதை வெச்சு அளவெடுக்கிறது கஷ்டம். வித்தியாசமா ஏதாவது பதிவாகியிருந்தா ஒரே கேமரால அதே செட்டிங்ல அடுத்தடுத்து இன்னும் சில படம் எடுத்துப் பாருங்க, அதே கோடு திரும்ப வந்தா காரணம் உங்க டிரைபாட்ல இருக்கு. நிருபர் கேட்டா படத்தோட எக்ஸ்போஷர், லென்ஸ், டெலஸ்கோப் அளவு மூணையும் எழுதிக் கொடுத்து, அதைப் படத்துக்குக் கீழயே போடணும்னு கேளுங்க, போட மாட்டோம்னா படத்தைக் கொடுக்காதீங்க.